பலகைக்குப் பின்னால் இருந்தவர்

கடைக்காரிக்கு ஒரு வழக்கம். மெஷின் வாடகைக்குக் கேட்டு யார் வந்தாலும், எதை வெட்டப் போகிறீர்கள் என்று கேட்பாள். அவர்கள் பதில் சொன்னதும், "அதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்று கேட்பாள். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஜனங்கள் முன்னால் இருப்பதை வெட்டத்தான் வருகிறார்கள். பின்னால் இருப்பது மெஷின் போய்த் தொட்ட பிறகுதான் தெரியவரும். சில சமயம் தண்ணீர்க் குழாய், சில சமயம் மின்சார ஒயர், ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரரின் அலமாரி. அதற்குள் அவருடைய கல்யாணக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மெஷின் நின்றபோது கோட்டுக்கு ஒரு கை குறைந்திருந்தது.

அதனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கொழுந்தன் மூச்சு வாங்க வந்து நின்று, "அண்ணி, நீளவாய் மெஷினை எடுங்க, அவசரம்" என்றபோதும் அவள் வழக்கத்தை விடவில்லை.

"எதை வெட்ட?"

"கப்போர்டை."

"பின்னாடி என்ன இருக்கு?"

கொழுந்தன் கொஞ்சம் யோசித்தான்.

"அண்ணன்," என்றான்.

கடைக்காரி கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள். அவன் சொன்ன அண்ணன் அவளுடைய புருஷன். சமையலறைக் கப்போர்டு செய்கிறவர். ஊரில் அவருக்குப் பசைக்காரர் என்று பெயர். கையில் பசை இருந்ததால் வந்த பெயர் அல்ல, கப்போர்டில் இருந்ததால் வந்தது. ஆணி அடிக்க மாட்டார், திருகு போட மாட்டார். பலகையில் துளை போட்டு, மரக்குச்சி செருகி, பசை தடவி ஒட்டிவிடுவார். பசையையும் அவரே கலப்பார். பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும், அப்புறம் வீடே இடிந்தாலும் கப்போர்டு நிற்கும் என்று வாடிக்கையாளர்களிடம் மார் தட்டுவார். வீடு இடிந்த பிறகு கப்போர்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பலகையும் பலகையும் சேரும் கோடு வெளியே தெரியக் கூடாது என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். அதற்காகக் கப்போர்டுக்குள்ளேயே தவழ்ந்து போய், உள்பக்கமிருந்து தடுப்புப் பலகையை ஒட்டுவார். ஒட்டிவிட்டு அடுத்த பக்கம் வழியாக வெளியே வருவார். இத்தனை வருஷமும் அடுத்த பக்கம் என்று ஒன்று இருந்தது.

அன்றைக்கு அவர் வேலை செய்த டீச்சர் வீட்டில் சமையல் மேடை ட எழுத்து மாதிரி திரும்பும். திரும்புகிற முக்கில் ஆழமாக ஒரு பொந்து. அதற்கு இடப்பக்கம் அடுப்புக் கப்போர்டு, வலப்பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் கப்போர்டு. காலையில் இடப்பக்கத் தடுப்பை ஒட்டினார். சாப்பிட்டார். டீச்சர் கொடுத்த டீயைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் வலப்பக்கம் வழியாகப் பொந்துக்குள் போய், வலப்பக்கத் தடுப்பைத் தன் பக்கம் இழுத்துப் பொருத்தி ஒட்டினார். ஒட்டிப் பிடித்திருந்த நேரம் முழுக்கப் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு சுவாரசியமாகப் போயிற்று. பேசி முடித்து, வெளியே வருவதற்காக இடப்பக்கம் திரும்பினார்.

"அங்க பலகை இருந்துச்சாம் அண்ணி," என்றான் கொழுந்தன். "காலையில அவரே ஒட்டினது."

"உதைச்சுப் பாத்தாரா?"

"பாத்தாராம். அசையலையாம். ரெண்டு பக்கமும்."

தன் வேலையின் தரத்தைப் பசைக்காரர் முதல் தடவையாக வெறுத்தது அப்போதுதான்.

மேலே கருங்கல் பலகை, பின்னால் சுவர், முன்னால் எண்ணெய் பாட்டில் வைப்பதற்காக ஒரு சாண் அகலக் கதவு. அந்தக் கதவு வழியாக முகத்தைக் காட்டலாம், ஒரு கையை நீட்டலாம். வெளியே வர முடியாது. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடட்டுமா என்று டீச்சர் கேட்டாராம். ஊர் சிரிக்கும், வேண்டாம் என்று உள்ளேயிருந்து பதில் வந்ததாம். மெஷின் கடை வைத்திருப்பவள் பொண்டாட்டி. ஆனாலும் அவர் போன் செய்தது தம்பிக்கு. இதைக் கேட்டதும் கடைக்காரிக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆச்சரியப்படவில்லை. மூன்று வாரமாக அவருக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் ஒருவர் கடைக்கு வந்தார். குளியலறையில் கதவு நிலையின் அடிக்கட்டையை வெட்ட வேண்டும், பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது என்றார். அவள் நடுங்கியை எடுத்து வைத்தாள். நடுங்கி கைப்பிடி அளவுள்ள சின்ன மெஷின். அதன் நுனியிலிருக்கும் தட்டைக் கத்தி சுழலாது, முன்னும் பின்னும் போகாது, இருந்த இடத்திலேயே மயிரிழை அளவுக்கு இடதும் வலதுமாக நடுங்கும். நடுங்கியே மரத்தை அறுக்கும். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவோடு நிறுத்தலாம். வேகம் மட்டும் கிடையாது. 

அந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்திருந்த பசைக்காரர், "இதை வெச்சு இவர் அறுக்க ஆரம்பிச்சா இவரோட பேரன் வந்துதான் முடிப்பான். நீளவாயைக் குடு," என்றார். நீளவாய் என்பது முழங்கை நீளத்துக்குப் பக்கத்தில் கத்தி நீட்டிக்கொண்டிருக்கும் மெஷின். கத்தி முன்னும் பின்னும் பாய்ந்து பாய்ந்து அறுக்கும். எதிரே இருப்பது மரமா, இரும்பா, அடுத்த வீடா என்று பார்க்காது. கடைக்காரி தயங்கினாள். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "இவளுக்கு என்ன தெரியும்? மெஷினைத் துடைச்சு அடுக்கத் தெரியும்."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். வந்தவர் நீளவாயை எடுத்துப்போய் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். நிலைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லையாம். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. ஒரு குழாயாவது அறுந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே அடுத்தது வந்தது. தம்பிக்கு வேலை போய்விட்டது, சும்மா இருக்கிறான், அடுத்த மாதத்திலிருந்து கவுண்டரில் அவன் உட்காரட்டும், நீ வீட்டில் ஓய்வாக இரு என்றார் பசைக்காரர். ஏதோ நாற்காலியை இடம் மாற்றி வைப்பது போலச் சொன்னார். அது அவளுடைய அப்பா ஆரம்பித்த கடை. அப்பா போன பிறகு அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் அவள் மனைவி, மருமகள், அண்ணி, இன்னும் என்னென்னவோ. அந்தக் கவுண்டருக்குப் பின்னால் மட்டும்தான் அவள் அவளாக இருந்தாள். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படிக் கேட்ட மனுஷனிடம் என்ன பேச்சு என்று, அந்த நிமிஷமே பேச்சை நிறுத்திவிட்டாள். அடுத்த மாதம் வருகிற திங்கட்கிழமை பிறக்கிறது.

"நீளவாய் எங்க இருக்கு அண்ணி?" என்று கொழுந்தன் தானே அலமாரிப் பக்கம் போனான். திங்கட்கிழமை முதல் அவன் இடம்தானே. தேடி எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

கடைக்காரி நடுங்கியைப் பையில் போட்டாள். ஏற்றிய பேட்டரி இரண்டு, புதுக் கத்தி ஒன்று, ஒட்டும் நாடா, ஒரு டார்ச். கடைக் கதவை இழுத்துப் பூட்டினாள்.

போகிற வழியெல்லாம் அவள் மனசு அலமாரியில் இருந்த மற்ற மெஷின்களைப் புரட்டிக்கொண்டே வந்தது. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் தொழில் புத்தி தனியாக ஓடும். வட்டக் கத்தி மெஷினுக்குப் பலகையின் மேல் படுத்து ஓட இடம் வேண்டும். தொட்டிக்குக் கீழே அது திரும்பக்கூட முடியாது. இரும்பு அறுக்கிற கிரைண்டரைக் கொண்டுபோனால் பொறி பறக்கும், ஈரப் பசையின் நெடிக்கு நடுவில் பொறி வேண்டாம், உள்ளே இருப்பவருக்கு மூச்சும் முட்டும். வளைவாக அறுக்கிற ஜிக்சா நல்ல மெஷின்தான், ஆனால் அதன் கத்தியும் பலகையைத் தாண்டி விரல் நீளம் அந்தப் பக்கம் போய்த்தான் வரும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது இந்தத் தடவை நன்றாகவே தெரியும்.

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. வாசலிலேயே, "வாங்க, நல்லா இருக்கார், தண்ணி குடுத்தேன், ரெண்டு வாழைப்பழமும் குடுத்தேன்," என்றார். சமையலறையில் மரத்தூளும் பசை வாடையும். முக்கிலிருந்த குட்டிக் கதவில் பசைக்காரரின் முகம், படச் சட்டத்தில் மாட்டியது போல் தெரிந்தது. வியர்த்திருந்தது. மனைவியைப் பார்த்ததும், "நீ எதுக்குக் கடையைப் பூட்டிட்டு வந்தே?" என்றது முகம்.

கடைக்காரி டீச்சர் பக்கம் திரும்பினாள். "அவர் எந்தப் பக்கம் சாஞ்சு உக்காந்திருக்கார்னு கேளுங்கம்மா."

டீச்சர் ஒரு வினாடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒரு அடி தூரத்திலிருந்த முகத்திடம், வகுப்பறைக்குக் கேட்கிற மாதிரி, "நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து அமர்ந்திருக்கிறீர்கள் என்று உங்கள் மனைவி கேட்கிறார்," என்றார்.

"காதுல விழுந்துச்சு டீச்சர். முதுகு அடுப்புப் பக்கம். முட்டி ரெண்டும் மடங்கி, தொட்டிப் பக்கத் தடுப்புக்கு நேரா இருக்கு. காலை நீட்ட முடியலை."

"முட்டிக்கும் பலகைக்கும் நடுவுல எவ்வளவு இடம்னு கேளுங்கம்மா."

டீச்சர் கேட்டார். நாலு விரல் என்று பதில் வந்தது. டீச்சர் அதைத் திரும்பக் கடைக்காரியிடம் சொன்னார். ஒரே அறையில் இருந்த எல்லோரும் ஒவ்வொரு விஷயத்தையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்கள்.

"இந்த விசாரணையெல்லாம் எதுக்கு?" என்றது முகம். "தம்பி, நீளவாயைக் கொண்டாந்தியா? தொட்டிக்குக் கீழ பூந்து நாலு இழுப்பு இழு. அஞ்சு நிமிஷ வேலை."

கொழுந்தன் தொட்டிக் கப்போர்டைத் திறந்து குனிந்தான். உள்ளே தண்ணீர்க் குழாய் இரண்டு, கழிவுநீர்க் குழாய் ஒன்று, சுவரில் தண்ணீர் சுத்திகரிப்புப் பெட்டிக்கான ஸ்விட்சு. மிச்சமிருந்த இடத்தில் ஒரு ஆள் ஒடுங்கித் தவழ்ந்து போகலாம், பெரிய மெஷினோடு போக முடியாது. நீளவாயை நேராக நுழைத்தான், குழாயில் இடித்தது. சாய்த்து நுழைத்தான், அவன் தோள் வெளியே நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக வெளியே எடுத்து ஒரு தடவை அழுத்தினான். அந்தச் சின்ன அறையில் எழுந்த சத்தத்தில் மேடை மேலிருந்த டப்பா மூடிகள் எல்லாம் குதித்தன. டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். குட்டிக் கதவிலிருந்த முகம் உள்ளே போய்விட்டது.

கடைக்காரி நீளவாயை வாங்கி, பேட்டரியைக் கழற்றினாள். கத்தியை மட்டும் பிரித்தெடுத்து டீச்சரிடம் கொடுத்தாள்.

"இதை உள்ள நீட்டுங்கம்மா. பின்பக்கத்தைத் தடுப்புப் பலகையில வெச்சுட்டு, நுனி எங்க வருதுன்னு அவரையே பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

டீச்சர் நீட்டினார். உள்ளே இருட்டில் ஏதோ உரசுகிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

"என்னண்ணா?" என்றான் கொழுந்தன்.

"முட்டியைத் தாண்டுது," என்றது உள்ளேயிருந்து வந்த குரல். "வயித்துக்கு வந்துடுது."

"நான் மெதுவா, ஓரமா அறுக்கறேண்ணா. என்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இல்லாம என்னடா. நீ போய் ஓரமா நில்லு. அவ வரட்டும்."

கடைக்காரிக்கு அது நன்றாகக் கேட்டது. கடையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கத் தயாராக இருந்த தம்பியிடம் தொப்பையை ஒப்படைக்க மனசு வரவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சந்தோஷம் வரவில்லை. அப்பா கட்டி வைத்த கடை இந்த மனுஷனுக்குத் தொப்பை அளவுக்குக்கூடப் பெறவில்லையா என்று ஆத்திரம்தான் வந்தது.

கொழுந்தன் நீளவாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். போன் வந்தது, வெளியே நின்று பேச ஆரம்பித்துவிட்டான்.

அவள் பையைத் திறந்தாள். நடுங்கியில் புதுக் கத்தியைப் பொருத்தினாள். அறுத்துப் போட்டிருந்த பலகைத் துண்டு ஒன்றைத் தரையிலிருந்து எடுத்து, கத்தியை அதன் கனத்துக்கு நேராக வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் கத்தியைச் சுற்றி நாடா ஒட்டினாள். நாடா பலகையைத் தொட்டால் கத்தி பலகையை முடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அழுத்தக் கூடாது.

"இது தோல்ல பட்டா வெட்டாதாமே?" என்றார் டீச்சர்.

"அதெல்லாம் சும்மாம்மா. பட்டா கிழிக்கும். படாம பாத்துக்கணும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தாள். தலையைத் தொட்டிக்கு அடியில் நுழைத்தாள். கழிவுநீர்க் குழாய் காதை உரசியது. டீச்சர் மண்டியிட்டு டார்ச் பிடித்தார். பென்சிலால் பலகையில் ஒரு சதுரம் வரைந்தாள், ஆள் தவழ்ந்து வருகிற அளவுக்கு. பொத்தானை அழுத்தினாள். நடுங்கி தேனீக் கூட்டம் போல முனகிக்கொண்டு மரத்தில் இறங்கியது. தூள் அவள் முகத்தில் கொட்டியது.

மேல் கோடு நன்றாக வந்தது. கீழ்க்கோட்டில் பாதி தூரம் போனபோது பலகை அந்தப் பக்கமிருந்து முட்டுவது போல் லேசாக அதிர்ந்தது. டீச்சர் வழியாகச் சொல்லியனுப்ப நேரம் இல்லை.

"வயித்தை உள்ள இழுங்க," என்றாள்.

மூன்று வாரத்தில் புருஷனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இழுத்துட்டேன்."

"முட்டியையும்."

"முட்டியை எப்படி உள்ள இழுக்கறது?"

"அப்படியே பக்கவாட்டுல சாயுங்க."

சாய்கிற சத்தம் கேட்டது. ஒரு முனகல். அவள் மீண்டும் அறுக்க ஆரம்பித்தாள். இடம் சின்னது, பலகை நடுவில் இருந்தாலும் இரண்டு பேர் முகமும் கிட்டத்தட்ட பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தது. கட்டிலில்கூட அவ்வளவு பக்கத்தில் படுத்து வெகு நாளாயிற்று. பேட்டரி மாற்றுவதற்காக மெஷினை நிறுத்தியபோது, பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் பேசினார்.

"உன்னைப் பத்தித்தான் தம்பிகிட்ட பெருமையாப் பேசிட்டு இருந்தேன். அதுலதான் அடுப்புப் பக்கத்தைக் காலையிலயே ஒட்டினது மறந்துபோச்சு."

"என்ன பெருமை?"

"கடையை அவன்கிட்ட விடறதுக்கு நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசலையே, அதைத்தான். பிடிக்கலைன்னா நீ வீட்டையே ரெண்டாக்கிடுவே. இந்தத் தடவை ஒண்ணுமே சொல்லலை. உங்க அண்ணிக்கு எவ்வளவு பெரிய மனசு பாத்தியாடான்னு அவன்கிட்ட சொல்லிட்டு இருந்தேன்."

கடைக்காரி புதுப் பேட்டரியைக் கையில் பிடித்தபடியே படுத்திருந்தாள்.

"நான் மூணு வாரமா உங்ககிட்ட பேசறதே இல்லை," என்றாள். "அது உங்களுக்குத் தெரியுமா?"

"பேசறது இல்லையா?"

"இல்லை."

"நெஜமாவா? சாப்பாடெல்லாம் போட்டியே."

"போட்டேன். பேசலை. தட்டை டங்குன்னு வெச்சேனே?"

"தட்டு வழுக்குதுன்னு நெனச்சேன்." அவர் யோசிப்பது பலகை வழியாகவே தெரிந்தது. "ஆனா நானும் கவனிச்சேன். வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

டார்ச் வெளிச்சம் தானாகவே கொஞ்சம் வேறு பக்கம் நகர்ந்து குழாயைப் பார்த்தது. டீச்சருக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் ஆகியிருந்தது.

"இன்னைக்கு டீச்சரை விட்டுக் கேக்கச் சொன்னேனே, அதுவாவது?"

"புது இடத்துல மரியாதையா நடந்துக்கறேன்னு நெனச்சேன்."

கடைக்காரி மேலே தொட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூன்று வாரம். காலையில் எழுந்ததும் இன்றைக்கும் பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, உப்பு போதுமா என்று கேட்க வந்த வாயைக்கூட மூடிக்கொண்டு, ராத்திரி அவர் பக்கம் திரும்பாமல் படுத்து, ஒரு பெரிய யுத்தமே நடத்தியிருந்தாள். எதிரிக்குச் சண்டை நடப்பதே தெரியாது. அதைவிட மோசம், அவளுடைய கோபத்தை எடுத்து அவர் சம்மதமாகத் தைத்து மாட்டிக்கொண்டிருந்தார். கோபத்தில் பாதி அவர் மேல் இருந்தது. மீதிப் பாதி இப்போது தன் மேலேயே திரும்பிவிட்டதை அவள் உணர்ந்தாள். கடையைக் கொடு என்று அவர் கேட்டார், தப்புதான். மாட்டேன் என்று இவள் சொல்லியிருந்தாளா?

"நான் சரின்னு எப்பவும் சொல்லலை," என்றாள், பலகையைப் பார்த்து.

"அப்படியா?"

"அப்படித்தான்."

பேட்டரியை மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார், "கடையை நீயே" என்று ஆரம்பித்தது போலிருந்தது. அவள் மெஷினை நிறுத்தினாள்.

"உள்ள மாட்டிக்கிட்டு இருக்கறப்ப சொல்றது எதையும் நான் எடுத்துக்க மாட்டேன். சாஞ்சே இருங்க."

கீழ்க்கோடு முடிந்தது. பக்கக் கோடுகளில் ஒன்று முடிந்தது. கடைசிக் கோட்டின் கடைசி விரல் அளவில், தன் கோபம் கைக்கு வந்துவிடக் கூடாது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாடா பலகையைத் தொட்டது. நிறுத்தினாள். விரலால் தட்டினாள். சதுரப் பலகை ஒரு பெருமூச்சு போலச் சத்தமிட்டுக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தது. திறப்பில் அவருடைய முட்டிகள் இரண்டும் தெரிந்தன, பேன்ட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல்.

பசைக்காரர் பகுதி பகுதியாக வெளியே வந்தார். முதலில் கால்கள், அப்புறம் தொப்பை, அது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது, கடைசியில் மரத்தூள் படிந்து வெள்ளையாக முகம். எழுந்து நிற்கப் பார்த்தார், கால் மரத்துப்போயிருந்தது, மேடையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் குனிந்து, தான் கோடே தெரியாமல் ஒட்டிய தடுப்பில் இப்போது இருந்த சதுர ஓட்டையைப் பார்த்தார். விரலால் ஓரத்தைத் தடவினார். சில்லு பெயராமல், நேராக, சுத்தமாக இருந்தது. இரண்டாவது தடவையும் தடவினார்.

அந்த நேரம் கொழுந்தன் போன் பேசி முடித்து உள்ளே வந்தான். "அண்ணா வந்தாச்சா! நல்லதாப் போச்சு," என்றான். அவன் முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை. "அண்ணி, மறந்துடப் போறேன், கேட்டுக்கறேன். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும்? ஒன்பதா, ஒன்பதரையா?"

வழக்கமாக அவளிடம் கேட்கிற கேள்விக்கு அவளுடைய புருஷன்தான் பதில் சொல்வார். வாயைத் திறந்தார். அவளைப் பார்த்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, கையிலிருந்த காலி டம்ளரை மறுபடியும் குடித்தார்.

"வர வேண்டாம் தம்பி," என்றாள் கடைக்காரி. "அங்க நான்தான் உக்காருவேன். எப்பவும்."

மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததில் இவ்வளவுதான் தேவைப்பட்டது.

"சரி அண்ணி," என்றான் கொழுந்தன். அவன் தோள்கள் கொஞ்சம் இறங்கின, பாரம் இறக்கி வைத்தவன் மாதிரி. "எனக்கும் அந்த மெஷின் சத்தம் ஒத்துக்கலை. அண்ணன் ஆசைப்பட்டுச் சொல்றாரேன்னுதான் தலையாட்டினேன். நீங்களும் சரின்னு சொல்லிட்டீங்கன்னு சொன்னாரு." நீளவாயை வண்டியில் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனான்.

டீச்சர், துடைப்பம் எடுத்து வருவதாகச் சொல்லி, துடைப்பம் இல்லாத அறைக்குப் போனார்.

கடைக்காரி தரையிலேயே உட்கார்ந்து நடுங்கியின் கத்தியைக் கழற்றி, நாடாவை உரித்து, துணியால் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து, முகத்திலிருந்த மரத்தூளில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. கொழுந்தனுக்கே வேண்டாத ஒரு ஏற்பாட்டுக்குப் பயந்து எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்திருக்கிறாள். இவ்வளவு சின்ன வார்த்தை, இத்தனை நாளும் வாயில்தான் இருந்தது.

பசைக்காரர் மேடையைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தார்.

"கண்ணுல தூசியா?"

"இல்லை. அழறேன்," என்றாள். இவரிடம் எதையும் வெளிப்படையாகத்தான் சொல்ல வேண்டும் என்று இப்போது தெரிந்திருந்தது.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம் மேடையிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் தரையில் மெதுவாக உட்கார்ந்தார். கால் இன்னும் நிற்க ஒத்துழைக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.